"இப்பிடி ஒருத்தரும் வாசிச்சு நான் கேட்டதில்ல" என்று மூத்த கலைஞர் சொன்னால் அது பாராட்டா, நக்கலா?

கேள்வி கேட்ட தம்பி மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு இசைக்குழுவில் புதிதாக ஓர்கன் (கீபோர்ட்) வாசிக்கச் சேர்ந்திருக்கிறார். கோயில் திருவிழா இரவு நிகழ்ச்சி முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது குழுவின் மூத்த தபேலாக்காரர் தோளில் தட்டி, "தம்பி, அந்தப் பாட்ட இப்பிடி ஒருத்தரும் வாசிச்சு நான் கேட்டதில்ல" என்றாராம். பக்கத்தில் நின்ற பாடகர் "ஓர்கன் நல்ல ஓர்கன்" என்றாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இது பாராட்டா நக்கலா, இனிப் போவதா விடுவதா என்று கேட்கிறார்.

நக்கல்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அடுத்த நிகழ்ச்சிக்குக் கட்டாயம் போங்கள். உங்களை வேண்டாம் என்று நினைத்திருந்தால் இவ்வளவு யோசித்து ஒரு வசனம் சொல்லியிருக்கமாட்டார்கள். "நல்லா இருந்த தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, மறுகா போனில் கோல் எடுக்காமல் விட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்து மேடைக்காரரிடமிருந்து வருகிற சுத்தமான பாராட்டுக்குத்தான் பயப்படவேணும். குத்து வந்தால் ஆளைக் கணக்கில் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இந்தக் குத்துகளை விளங்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. எதைப் புகழ்ந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, எதைப் புகழாமல் தாண்டிப் போனார்கள் என்று பாருங்கள். எந்தத் தொழிலுக்கும் ஒரு உயிர்நிலை உண்டு. நக்கல் அதைத் தொடாமல் சுற்றிவந்து, பக்கத்தில் கிடக்கிற ஏதாவது ஒன்றைப் புகழும்: உடுப்பை, கருவியை, சாப்பாட்டை, வந்த சனத்தை. சுற்றிப் போன இடத்தில்தான் உங்கள் பிழை கிடக்கும்.

உங்கள் தொழில் சினிமாப் பாட்டு மேடை. அங்கே உயிர்நிலை, றெக்கோட்டில் இருக்கிற மாதிரியே வாசிப்பது. கதிரையில் இருக்கிற சனம் அந்தப் பாட்டை ஆயிரம் தரம் வானொலியிலும் பஸ்ஸிலும் கேட்டு வந்திருக்கிறது. சரணத்துக்கு முன்னால் வருகிற புல்லாங்குழல் பிட்டில், அதாவது இடையிசையில், ஒரு சுரம் மாறினால் கச்சான் விற்கிற பொடியனும் திரும்பிப் பார்ப்பான். ஆகவே "இப்பிடி ஒருத்தரும் வாசிச்சதில்ல" என்றால், பிட்டை நீங்கள் சொந்தமாகப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். இதே வசனத்தை ஒரு கர்நாடக வித்துவான் ராக ஆலாபனை முடிந்தபின் உங்களுக்குச் சொல்லியிருந்தால் ஊர் முழுக்கச் சொல்லித் திரியலாம். கற்பனைக்கு மதிப்புள்ள மேடை அது. யார், எந்த மேடையில் சொன்னார் என்று பார்க்காமல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் விளங்காது.

பாடகர் சொன்னதுதான் பெரிய குத்து. "ஓர்கன் நல்ல ஓர்கன்" என்பதை இப்படி விரிக்கலாம். நீங்கள் ஓர்கனில் உள்ள ஸ்டைலைப் போட்டுவிட்டு வாசித்திருக்கிறீர்கள். பட்டனை அமத்தினால் ட்ரம்ஸ், பேஸ், கிற்றார் எல்லாம் உள்ளிருந்தே வரும். இடக்கையால் கோட் (chord) பிடித்தால் போதும். தனியாக ஒரு பிறந்தநாள் வீட்டில் வாசிக்க அது சோக்கான சாமான். பக்கத்தில் உயிருள்ள தபேலாக்காரர் இருந்தால் கதை வேறு.

மேடையில் என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். பல்லவியின் கடைசிச் சொல்லில் பாடகர் குரலை இழுத்து நிற்கிறார். சனம் விசில் அடிக்கிறது. விசில் கேட்டால் எந்தப் பாடகரும் இன்னும் கொஞ்சம் இழுப்பார். தபேலாக்காரரின் வலக்கை தோலுக்கு மேலே நிற்கிறது, விரல் விழவில்லை. அவருடைய கண் பாடகரின் நெஞ்சில். பாடகர் மூச்செடுத்து அடுத்த சொல்லைத் தொடும்போது கை சமத்தில், தாளச் சுற்றின் முதல் அடியில், விழவேணும், அதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு. ஆனால் உங்கள் மெஷின் விசிலுக்கெல்லாம் நிற்காது. அது அடுத்த சுற்றின் மூன்றாவது அடிக்குப் போய்விட்டது. இப்போது பாடகர் ஒரு இடம், மெஷின் ஒரு இடம். நடுவில் நிற்கிற தபேலாக்காரர் அவசரமாக ரெண்டு அடியை விழுங்கி மெஷினைப் பிடிக்கிறார். சனத்துக்குத் தெரிவது தபேலா தடுமாறியதுதான். இவ்வளவும் நடந்த பிறகு அந்த மனிதர் உங்கள் தோளில் தட்டிச் சிரித்துப் பேசினார் என்றால் அவர் பெரிய மனுசன்.

ஓர்கன்காரருக்கென்றே சில குத்துகள் எங்கள் பக்கத்தில் புழங்குகின்றன. "யமஹாக்காரன் இண்டைக்குச் சோக்கா வாசிச்சான், நீயும் கூட நிண்டது நல்லது" என்பது ஒன்று. பாடகரின் சுருதிக்கு மாற்றின ட்ரான்ஸ்போஸை அடுத்த பாட்டுக்குத் திருப்பி வைக்க மறந்தால், "பாட்டக் கொஞ்சம் உயரத்துக்குக் கொண்டுபோய் வெச்சிற்றாய்" என்பார்கள். ட்ரம்ஸ்காரர் அளவு தெரியாமல் அடித்தால், "வாவிக்கு அங்கால மண்டூர்ச் சனத்துக்கும் புண்ணியம்." பேஸ் கிற்றார் கேட்கவே இல்லையென்றால், "நீங்களும் மேடையில நிண்டீங்களாமே, போட்டோவில கண்டன்."

பாடகர்களுக்கு வருவது இன்னும் மெல்லியதாக இருக்கும், ஏனென்றால் பாடகர்கள் கோபக்காரர். "சுருதிய வழியில ரெண்டு மூணு தரம் கண்டீங்க, ஒருக்கா நிண்டு கதைச்சிருக்கலாம்" என்பது எனக்கு மிகவும் பிடித்தது. இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்பார்கள். கல்லடிப் பாலத்தடியில் அமைதியான நிலவு இரவுகளில் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம் வருவதாகப் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். அதைவைத்து, பாடிமுடித்து இறங்கிய ஆளிடம் ஒருவர் ஆறுதலாகச் சொல்வார்: "பயப்பிடாத மனே. மீனே பாடுற ஊர்ல நீ பாடினா என்ன பிழை?"

நான் வளர்ந்தது கூத்துக்காரர் நடுவில். நக்கலின் தாய்வீடு கூத்து ஆடுகிற களரிதான் என்பேன். இசைக்குழு நாலு மணித்தியாலத்தில் முடியும். கூத்து இரவு தொடங்கினால் விடியும். அதற்கு முன் மாதக்கணக்காக இரவிரவாகப் பழக்கம்: ஆளாளுக்குரிய பாட்டு எழுதிய சட்டம் கொடுத்து, சதங்கை கட்டி, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, பிறகுதான் அரங்கேற்றம். அத்தனை இரவுகள் ஒரே ஆட்களோடு இருந்தால் நாக்கு கூர்மையாகாமல் வேறென்ன செய்யும்?

வட்டக்களரியின் நடுவில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். பக்கத்தில் சல்லரி என்ற கைத்தாளம் போடுபவர், பிற்பாட்டுக்காரர், ஏடு பார்க்கிறவர். ஆடுகிறவர் இவர்களைச் சுற்றித்தான் வரவேணும். கூத்தின் உயிர்நிலை காலும் குரலும். இரண்டும் மத்தளத்துக்குக் கட்டுப்பட்டிருக்கவேணும். ஆகவே அங்கே வருகிற நக்கல் காலையும் குரலையும் தவிர மற்ற எல்லாவற்றையும் புகழும்.

வடமோடி, தென்மோடி என்று கூத்து ரெண்டு வகை. வடமோடி ராசாவின் கூடைபோல விரிந்த கரப்புடுப்பும் முடியும் லேசான பாரமல்ல. அதைப் போட்டுக்கொண்டு துள்ளி ஆடவேணும், சுழலவேணும். ஒருவர் ஆட்டமே இல்லாமல் நடந்து வந்து போனால் அண்ணாவியார் விடிய தேத்தண்ணி குடிக்கும்போது சொல்வார்: "ராசாட முடி ஒரு இடத்திலயும் அசையல்ல, என்ன கட்டு கட்டினீங்க!" புதிதாகக் கேட்கிறவன் முடி கட்டினவனைப் பாராட்டுகிறார் என்று நினைப்பான். ஆட்டக்காரனுக்கு விளங்கும். களரிக்குள் முதலில் வருகிற வரவு ஆட்டத்தில் ஒரு தருமர் இழுத்துக்கொண்டே நின்றாராம், அவருக்குக் கிடைத்தது: "பன்னிரண்டு வருசம் காட்டுல இருந்ததா ஏட்டில இரிக்கு. நீ அத வரவுக்கே எடுத்திற்றாய்."

பாட்டு மறந்தவனுக்கு வருவது இதைவிடச் சுருக்கம். ஆடுகிறவர் வரி மறந்தால் ஏடு பார்க்கிறவர் எடுத்துக்கொடுப்பார், பிற்பாட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொள்வார், சனத்துக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரே இரவில் இது அடிக்கடி நடந்தால், "ஏடு பாக்கிறவர் இண்டைக்கு அருமையாப் பாடினார்." ஆளுடைய பெயரே வராது. வேறொருவருக்குப் போன பாராட்டாக வந்து உங்களில் விழும்.

ஊருக்கு ஊர் போட்டியும் உண்டு. பொதுவாக வடமோடியில் ஆட்டம் மிஞ்சி நிற்கும் என்றும் தென்மோடியில் பாட்டு மிஞ்சி நிற்கும் என்றும் சொல்வது வழக்கம். தென்மோடி ஊர்க்காரர் ஒருவர் வடமோடி பார்த்துவிட்டு, "ஒங்கட ஆட்டத்துக்குப் பாட்டே தேவையில்ல" என்பார். மற்றவர் விடுவாரா? "ஒங்கட பாட்டக் கேக்கக்குள்ள களரியப் பாக்கவே தேவையில்ல." ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே வெற்றிலை மாற்றிக்கொள்வார்கள். இதில் யார் வென்றார் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணாவியாருக்கு இன்னொரு அண்ணாவியார் சொல்வதுதான் உச்சம். ஒருவர் களரி முடிந்து வந்து மத்தளத்தைத் தடவிப்பார்த்து, "சோக்கான மத்தளம். என்ன மரம்?" என்று கேட்டால் அங்கே எல்லாரும் மௌனமாகிவிடுவார்கள். மரத்தை விசாரிக்கிறவர் அடித்த கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாயனக்காரரிடம் "சீவாளி எங்க வாங்கின?" என்று வாயில் வைக்கிற ஊதுதுண்டை விசாரிப்பதும் இதுதான், உங்களுக்கு வந்த ஓர்கன் குத்தும் இதுதான். கருவியைப் புகழ்கிற நக்கல் பழைய சரக்கு. புறநானூற்றின் 95ஆம் பாட்டில், அதியமானின் தூதராகப் போன ஒளவையார் பகை அரசன் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்து, பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலுள்ள மனையில் இருக்கின்றன என்கிறார். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். உங்கள் ஓர்கனும் பளபளப்பாக இருந்திருக்கும்.

கோயில் நாதஸ்வரக்காரருக்கு உயிர்நிலை பொறுமையும் நேரமும். பூசை இழுபடும், சுவாமி வீதியில் நின்று நின்று வரும், அதற்கெல்லாம் கூட்டியும் குறைத்தும் வாசிக்கத் தெரியவேணும். கலியாண வீட்டில் நாள் முழுக்க வாசித்த தவில்காரரிடம், "கெட்டிமேளம் சரியான நேரத்துக்கு அடிச்சீங்க" என்று மட்டும் சொன்னால் மற்றதெல்லாம் எப்படி என்று நீங்களே விளங்கிக்கொள்ளலாம். பெரிய திருவிழாக்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சேட், அதாவது நாதஸ்வர தவில் குழு, வருவதுண்டு. அவர்களிடம் உள்ளூர்ச் சேட்டைப் பற்றிக் கேட்டால் "மட்டக்களப்புச் சாப்பாட்டை அடிக்க ஏலாது" என்பார்கள். கேட்டது வாசிப்பை. நாங்களும் சும்மா இருப்பதில்லை: "அவங்க வாசிச்சா நேரம் போறதே தெரியும்."

கர்நாடக சங்கீத மேடைக்கு வந்தால், அங்கே படித்த பிள்ளைகளின் நக்கல். 1982இல் கல்லடியில் தொடங்கிய சுவாமி விபுலானந்தர் பெயரிலான இசை நடனக் கல்லூரி இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக இருக்கிறது. அங்கு படித்து வெளியே வந்தவர்களில் பலர் பாடசாலைகளில் சங்கீதமும் மிருதங்கமும் படிப்பிக்கிறார்கள். இவர்களுக்குள் பெரிய குத்து எது தெரியுமா? "பரீட்சைக்கு வாசிச்சிருந்தா முழு மார்க்ஸ்." பிழையே இல்லை, ஆனால் உயிரும் இல்லை என்று இதைவிட மரியாதையாகச் சொல்ல ஏலாது. தனி ஆவர்த்தனத்தில் கோர்வை என்ற முடிவுக் கணக்குத் தீர்ந்து, பாட்டுத் தொடங்கும் எடுப்புக்கு முன்பே வந்து நின்றுவிட்ட மிருதங்கக்காரரிடம், "நீங்க முந்தி வந்து எங்களுக்கெல்லாம் இடம் புடிச்சு வெச்சிருந்தீங்க" என்று வயலின்காரர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். கல்முனை பஸ்ஸில் துவாய் போட்டு சீற் பிடிக்கிறவர்களை நினைத்து, அந்த மிருதங்கக்காரரே சத்தமாகச் சிரித்தார்.

மற்றவர்களிடமும் இது உண்டு. அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் முஸ்லிம்களின் பொல்லடியில், அதாவது கோலாட்டம் போன்ற ஆட்டத்தில், ஒருவர் தாளம் தவறி மற்றவரின் கையில் அடித்துவிட்டால், "பொல்லு சரியாத்தான் வந்த காக்கா, ஒங்கட விரல்தான் நடுவுல வந்திற்று." மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் கஃப்ரிஞ்ஞா, பைலா என்ற ஆட்டப் பாட்டுகள் வாசிக்கப் போன நம் ஆட்களுக்குக் கிடைப்பது, "ஆடினவங்க ஒங்களப் பொருட்படுத்தாம நல்லா ஆடினாங்க." பைலாவின் ஆறடி ஓட்டத்தைப் பிடிக்காமல் மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடையில் கணக்குக் காட்டினால் அது வரத்தான் செய்யும்.

ஒரு இடத்தில் மட்டும் பகிடி வாய்க்குள் நிற்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கும் அம்மனைக் குளிர்விக்கிற குளுர்த்தியும் நடக்கும்போது உடுக்கை அடிக்கிறவரை யாரும் அங்கே வைத்துச் சீண்டமாட்டார்கள். தெய்வமாடுகிறவர் அந்த உடுக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்; அதில் கைவைக்கிற விளையாட்டு வேண்டாம். சடங்கெல்லாம் முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போய், குளித்து, சோறு தின்ற பிறகு ஒரு கிழவர் மெல்லத் தொடங்குவார்: "இண்டைக்குத் தெய்வம் வெள்ளணயே வந்திற்று. ஒங்கட உடுக்கத் தாங்க ஏலாம வந்திருக்கும்."

ஏன் நேரே சொல்லக்கூடாது என்று கேட்பீர்கள். முதல் காரணம், நிகழ்ச்சி முடிந்த கையோடு, அதற்குக் காசு கொடுக்கிற உபயகாரர் அங்கேயே நிற்பார். காசு இன்னும் கைக்கு வரவில்லை. "டேய், பிட் பிழை, மெஷின நிப்பாட்டு" என்று ஒருவர் சத்தம் போட்டால் உபயகாரரின் காதில் விழும், அடுத்த வருசம் குழுவின் விலை இறங்கும், அல்லது குழுவே மாறும். "இப்பிடி ஒருத்தரும் வாசிச்சதில்ல" என்றால் உபயகாரரும் சேர்ந்து தலையாட்டுவார். அவருக்குப் பாராட்டு, உங்களுக்குச் சேதி. ஒரே வசனத்தில் ரெண்டு வேலை.

மற்றக் காரணம் மழை. கார்த்திகை, மார்கழியில் இங்கே திறந்தவெளி மேடை இல்லை. தைக்குப் பிறகு வயல் வெட்டு முடிந்துதான் ஆட்டம் பாட்டமெல்லாம் சூடு பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில் டியூஷன், கடை, மேசன் வேலை என்று ஆளாளுக்கு ஒரு பிழைப்பு. திரும்ப மேடை கூடும்போது அதே தபேலாக்காரர், அதே பாடகர், அதே ஓர்கன்காரர்தான் வேணும். களுவாஞ்சிக்குடிக்கும் திருக்கோவிலுக்கும் இடையில் ஆட்களை எண்ணிவிடலாம். வாய்ச்சண்டை போட்டுப் பிரிந்தால் ரெண்டு பேருக்கும் நட்டம். நக்கலில் சொன்னால் கோபிக்க இடமில்லை, மறக்கவும் ஏலாது.

பகிடி என்ற பெயரில் வருவதெல்லாம் பகிடி இல்லை. ஒரே பாயில் இருந்து ஒரே காசுக்கு வாசிக்கிறவர்களுக்குள் நடப்பதுதான் நான் இதுவரை சொன்னது. பறைமேளக்காரருடைய கதை வேறு. எங்கள் பக்கத்துப் பறைமேளத்தில் எத்தனை நுணுக்கமான தாளக்கட்டுகள் இருக்கின்றன என்று கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்களைச் சாதி சொல்லி வாசலுக்கு வெளியே நிற்பாட்டி, வயதில் மூத்தவரை "நல்லா அடிக்கிறாய்" என்று ஒருமையில் புகழ்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். அதற்குப் பதில் நக்கல் சொல்ல அந்த மனிதருக்கு உரிமை இல்லாதவரை அதை நகைச்சுவைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. "பொம்பிளப் புள்ளைக்கு இவ்வளவு தபேலா பெரிய விசயம்" என்பதும் அப்படித்தான். அதில் பிழையைத் திருத்துகிற சேதி ஒன்றும் கிடையாது, வெறும் குத்து மட்டும். வயதுபோய்க் குரல் உடைந்த பாடகரின் குரலைத் தொடுவதில்லை என்பது எங்கள் மத்தளக்காரருக்குள் எழுதாத சட்டம். அறிவிப்பாளர் மைக்கில் சனத்துக்கு முன்னால் கலைஞரை வைத்துப் பகிடி விடுவதை நான் அறவே விரும்புவதில்லை. மேடைக்குப் பின்னால் நடக்கவேண்டியதை முன்னால் விற்கிற வேலை அது.

இனி நீங்கள் செய்யவேண்டியது. முகம் மலர்ந்து "நன்றி அண்ணே" என்று சொல்லியிருந்தால் அது ஏற்கெனவே ஊர் முழுக்கப் போயிருக்கும், ஒரு வருசத்துக்குத் தாங்கும். அதைப் பற்றிக் கவலைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. மொனிட்டர் சரியில்லை, வயர் லூஸ், லைட் கண்ணில் அடித்தது என்று காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். அதைச் சொல்கிற ஆளுக்கு அடுத்த நக்கல் உடனே தயார்: "ஓமோம், லைட் அடிச்சா சுரம் மாறும்தான்."

குத்தை வாங்கி, அதைவிடப் பெரிதாக உங்கள் மேலேயே போட்டுக்கொள்ளுங்கள். "இப்பிடி ஒருத்தரும் வாசிச்சதில்ல" என்றால், "இனி வாசிக்கவும் மாட்டாங்க அண்ணே." "ஓர்கன் நல்ல ஓர்கன்" என்றால், "அடுத்த புறோகிறாமுக்கு அதத் தனிய அனுப்பிவிர்றன்." இதைச் சொல்லிவிட்டீர்கள் என்றால் அந்த இடத்திலேயே நீங்கள் குழுவுக்குள் ஒருவர்.

பிறகு, அன்றைக்கே இல்லை, ரெண்டு நாள் கழித்து, தபேலாக்காரர் தனிய இருக்கும்போது வீட்டுக்குப் போங்கள். "அண்ணே, எந்த இடம்?" என்று மட்டும் கேளுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். அவர் தபேலாவை முன்னால் இழுத்து, சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டி வாரை ஏத்திக்கொண்டு, அந்தப் பாட்டை வாயால் பாடியே காட்டுவார்: இந்த இடத்தில் பாடகர் இழுப்பார், இந்த இடத்தில் நீ கையை எடுத்துவிடு, இந்த பிட்டில் வயலின் கீழே வரும், புல்லாங்குழல் மேலே போகும். பிளேன்டீ ஆறிப்போகும். நக்கலடித்த மனிதரா இவர் என்று இருக்கும். எந்த வகுப்பிலும் காசு கட்டிப் படிக்க ஏலாத பாடம் அது. ஸ்டைலை நிப்பாட்டிவிட்டு வெறும் ஸ்ட்ரிங்ஸும் பிட்டும் மட்டும் வாசித்துப் பழகுங்கள். தபேலாக்காரர் அடுத்த நிகழ்ச்சியில் உங்களை ஒருக்கா திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டால் பயப்படவேண்டாம். மேடையைவிட்டு இறங்கும்போது "இண்டைக்கு மெஷின் பழுதா?" என்று கேட்டால், அதுதான் உங்களுக்குக் கிடைத்த முதலாவது உண்மையான பாராட்டு.

நீங்கள் எப்போது நக்கலடிக்கலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். குழுவில் உங்களுக்குப் பிறகு ஒருவர் சேரும்வரைக்கும் வேண்டாம். சேர்ந்தால் முதல் நாளிலேயே தொடங்காதீர்கள், பிள்ளை ஓடிவிடும். மூத்தவருக்குத் திருப்பிக் கொடுக்கவேணும் என்றால் அவர் முதலில் தன்னைத்தானே ஒருக்கா நக்கலடித்துக்கொள்ளும்வரை காத்திருங்கள். கதவு திறந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

சவுண்ட்காரரிடம் மட்டும் ஒருநாளும் விளையாட வேண்டாம். "பொக்ஸ் நல்ல பொக்ஸ்" என்று சும்மா ஒரு சொல் விட்டாலும், அடுத்த மேடையில் உங்கள் சனல் இரவு முழுக்க மூடியே இருக்கும். நீங்கள் வாசித்த பிட்டெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் கேட்கும்.